கரகத்துக்கு முன்னால் பித்தளைக் குழல்

புதிதாகக் குழல் பிடிக்க வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். மரத்தில் வாங்குவதா, பித்தளையில் வாங்குவதா? மூச்சை எங்கே விடுவது என்று கேட்கமாட்டார்கள். பம்பையோடு எப்படிச் சேர்வது என்று கேட்கமாட்டார்கள். கடைக்குப் போகிற வழியில் என் வீட்டு வாசலில் நின்றபடியே கேட்பார்கள். உட்காருங்கள், சொல்கிறேன் என்றால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பார்கள். அதனால்தான் எழுதி வைக்கிறேன். பஸ்ஸிலேயே படித்துக்கொள்ளுங்கள்.

பதுளையில் இருந்துகொண்டு ஊவாத் தோட்டங்களுக்கெல்லாம் போய்வந்த ஒரு செட்டில் நான் இருபது வருடத்துக்கு மேல் குழல் ஊதினேன். பம்பைக்காரர் ஒருவர், உடுக்கைக்காரர் ஒருவர், நான். அவ்வளவுதான் செட். நான் ஊதியது புல்லாங்குழல் அல்ல. எங்கள் பக்கத்தில் அதை நெட்டைக் குழல் என்போம். பக்கவாட்டில் பிடிக்காமல் நேராகக் கீழே இறக்கிப் பிடிப்பது. ஒரு கை நீளம் இருக்கும். மேல் நுனியில் கட்டை அடைப்பு ஒன்றும், அதை ஒட்டி மூச்சு போவதற்கு மெல்லிய சந்து ஒன்றும் உண்டு. கீச்சென்று கத்தாது. அடிக்குரலில் பேசும். மலைக்காற்றில் புல்லாங்குழல் ஊதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உதட்டிலிருந்து கிளம்பிய காற்றை மலைக்காற்று வாரிக்கொண்டு போய்விடும். நடந்துகொண்டே ஊத வேண்டிய வேலைக்கு நெட்டைக் குழல்தான் தோது.

என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்று கருங்காலிக் கட்டையில், பதுளையில் ஒரு சிங்களத் தச்சர், பாஸ் என்போம், கடைந்து கொடுத்தது. அது கோபக்காரப் பெண்டாட்டி மாதிரி. தினமும் எண்ணெய் வைக்க வேண்டும். அரைமணி நேரம் ஊதினால் அடைப்பு ஈரத்தில் உப்பிக்கொண்டு மூச்சுச் சந்தை நெருக்கும். உடனே ஓய்வு கொடுக்க வேண்டும். வெயிலும் ஆகாது, நெருப்பும் ஆகாது.

மற்றது பித்தளை. ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், மெஷின் பார்க்கிற பிட்டர் ஒருவர், பழைய குழாய் ஒன்றை அறுத்து, என் மரக்குழலை அளவு பார்த்துத் துளை போட்டுக் கொடுத்தார். தேயிலை காய்கிற அறையில் வைத்துத்தான் முதன்முதலாக ஊதிப் பார்த்தேன். அந்த அறையின் சூட்டில் அது பாடியது, பாருங்கள். மரக்குழலைப்போல் இரண்டு மடங்கு சத்தம். ஒவ்வொரு சுரமும் தெளிவாக வந்து விழுந்தது. வேலையில் இருந்தவர்கள் மெஷினை விட்டுவிட்டு வந்து நின்று கேட்டார்கள். புகழ்ச்சி என்றால் எனக்கு அந்த வயதில் பால் பாயசம். அன்றைக்கே கருங்காலியைத் தள்ளி வைத்துவிட்டேன். தேயிலை காய்கிற அறையில் யாரும் திருவிழா நடத்துவதில்லை என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

இது எழுபதுகளின் நடுவில். பூனாகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தத் தோட்டத்துக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. ஓடைக்கரையில் கரகம் சோடித்துத் தலையில் ஏற்றினால் கோயில் வாசல் வரை இறக்கக் கூடாது. வேறு யாருடைய கையும் அதில் படக் கூடாது. அது எல்லாத் தோட்டத்திலும் உள்ளதுதான். இங்கே கூடுதலாக ஒன்று. கரகம் எடுப்பவர் குழலுக்குத்தான் கால் எடுத்து வைக்க வேண்டும், பம்பைக்கு அல்ல. அந்த ஏற்றத்தில் பம்பை வேகம் பிடித்து, ஒரு காலத்தில் யாரோ படியில் வழுக்கி விழுந்தார்களாம். அதிலிருந்து, பம்பை சனத்துக்கு, குழல் கரகத்துக்கு என்று ஆகிவிட்டது. குழல் நின்றால் கரகம் நிற்கும். குழல் நடந்தால் கரகம் நடக்கும்.

அந்த வருடம் கரகம் எடுத்தவள் ராக்கம்மா. கொழுந்து பறிக்கிறவள், முப்பத்தைந்து வயதிருக்கும். மூன்று பிள்ளைகள் பிறந்து பிறந்து போய், நாலாவது தங்கினால் ஏழு வருடம் கரகம் எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டவள். பிள்ளை தங்கியது. ஆறு வருடம் எடுத்துவிட்டாள். இது ஏழாவது. இதற்கிடையில், தோட்டத்து ஆட்களை அனுப்ப இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி, குடும்பத்துக்கு இந்தியா போகிற கடதாசி வந்துவிட்டது. திருவிழா முடிந்து இரண்டு வாரத்தில் பண்டாரவளையில் ரயிலேற வேண்டும். இந்த ஒரு நடை சரியாக முடியாவிட்டால் அவளுக்கு எட்டாவது வருடம் என்று ஒன்று கிடையாது.

ஊரை விட்டுப் போகிறவளுக்குக் கரகம் கொடுக்கலாமா என்று அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், லயங்களில், ஏற்கெனவே ஒரு பேச்சு இருந்திருக்கிறது. இந்தியாவுக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் போகப் போகிறவர்கள் ஒரு பக்கம், இருக்கப் போகிறவர்கள் ஒரு பக்கம். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்துகொண்டு முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட இருந்தார்கள். கடைசியில் பூசாரிதான், பாதி நேர்த்தி ஆத்தாவுக்குக் கடன், முடித்துவிட்டே போகட்டும் என்று தீர்த்துவைத்தாராம். நாங்கள் போய்ச் சேர்ந்த அன்று பம்பைக்காரர் இதையெல்லாம் விசாரித்து வந்து சொன்னார். நான் பித்தளையைத் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். சரியாகக் காதில் வாங்கவில்லை.

துடைத்த பித்தளை நனையக் கூடாது என்று, அன்று சாயங்காலம் கோயில் வாசலில் தூறலில் நின்று ஒரு மணி நேரம் மரக்குழலை ஊதினேன். நன்றாக நனைந்துவிட்டது. மறுநாள் எப்படியும் பித்தளைதான் என்று முடிவு செய்திருந்ததால், இதைச் சீக்கிரம் காயவைத்துப் பையில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். எங்களுக்குக் கொடுத்த லயக் காம்பராவில் அடுப்புக்கு மேலே விறகு காயவைக்கிற பரண் ஒன்று இருந்தது. அதன்மேல் வைத்தேன். மரத்தை நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதே என்று மற்றவர்களுக்கு நூறு தடவை சொன்னவன் நான்தான். நமக்கு வேண்டாத பொருள் என்று மனது முடிவு கட்டிவிட்டால், கைக்கு அதன் நல்லது கெட்டது தெரிவதில்லை.

விடிந்து பார்த்தால் கடைசித் துளைக்குக் கீழே விரல் நீளத்துக்கு வெடிப்பு. பம்பைக்காரர் அதை வாங்கிப் பார்த்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வாயில் சனி, கையில் சரஸ்வதி.

“நல்லா வெந்திருக்கு. சட்னி அரைச்சா சாப்புடலாம்” என்றார். பிறகு, “வெடிச்சாலும் பரவால்ல தம்பி, இடுப்புல சொருகிக்கிட்டு வாங்க” என்றார்.

அவர் வாய்க்குப் பயந்துதான் சொருகிக்கொண்டேன்.

ஓடைக்கரையில் கரகம் ஏறும்போது பனி முழுசாக விலகவில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே கல்லடுக்கிய படிகளில் ஏற வேண்டும். முன்னால் பூசாரி, பிறகு நாங்கள், எங்களை ஒட்டி இரண்டு முழத் தூரத்தில் ராக்கம்மா, அவளுக்குப் பின்னால் மாவிளக்குத் தட்டு ஏந்திய பெண்கள், அப்புறம் சனம். பித்தளை முதல் கொஞ்ச தூரம் அபாரமாகப் பேசியது. எதிர்மலை லயங்களில் இருந்து ஆட்கள் வெளியே வந்து பார்ப்பது தெரிந்தது. நான் அவர்களைப் பார்த்துத்தான் ஊதினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பாதி ஏற்றத்தில், வளைவு திரும்பும் இடத்தில், குழல் இருமியது. பிறகு அடைத்துக்கொண்டது.

உங்களுக்கும் இது சீக்கிரம் பழக்கமாகிவிடும் சங்கதி. குளிர்ந்த உலோகத்தில் சூடான மூச்சு பட்டால் சந்துக்குள் நீர் கட்டும். ஒரு துளி போதும், சத்தம் செத்துப்போகும். மரம் கொஞ்சம் குடித்துக்கொள்ளும், பித்தளை குடிக்காது. வாயை வைத்து உறிஞ்சினேன். நாலு சுரம் வந்தது, மறுபடியும் அடைத்தது. அக்குளில் வைத்துச் சூடேற்றினேன். பத்து மூச்சுக்குத் தாங்கியது. ராக்கம்மா இரண்டு படி ஏறினாள். மறுபடியும் நின்றது. பனிக்காற்று நேராக எங்கள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. சூடேற்றுவது வீண் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கரகம் நின்றது. சனம் நின்றது. பம்பை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

குழல் அடைத்ததைப் பம்பைச் சத்தத்தில் பூசாரியோ சனமோ கவனிக்கவில்லை. அவர்கள் கண்ணில் பட்டது ஒன்றுதான், ஏழாவது வருடத்துக் கரகம் நடுவழியில் நடக்க மறுக்கிறது. பூசாரி கற்பூரம் கொளுத்தி, என்ன குறை தாயே, என்று கேட்க ஆரம்பித்தார். எலுமிச்சம்பழம் வெட்டிப் போட்டார்கள். ஆத்தா நகரவில்லை. அப்போதுதான் கூட்டத்தில் இருந்து ஒரு பெண் குரல் வந்தது. கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகச் சொன்னாள்.

“ஊர விட்டுப் போறவ தலையில ஆத்தா எப்புடி நடப்பா?”

இன்னும் இரண்டு பேர் அதையே வேறு விதமாகச் சொன்னார்கள். ராக்கம்மாவின் புருஷன் வேப்பிலைக் கொத்தோடு முன்னால் நின்றவர், தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆத்தாவுக்கு ஒரு குறையும் இல்லை, அந்தப் பெண் மீது ஒரு தப்பும் இல்லை, என் குழலில் தண்ணீர், அவ்வளவுதான். சொல்லவில்லை. குழலைத் தட்டுவதும் துடைப்பதுமாக, ஏதோ பெரிய வேலை பார்ப்பவன் போல நின்றேன். எதிர்மலையில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கம் எனக்கு, பழி அவளுக்கு. ஆயிரம் கோயிலில் ஊதியதில் எனக்கு வராத பாவம் அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் வந்து சேர்ந்தது.

அவள் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். மஞ்சள் வழிந்து, கண் பாதி மூடி, அருள் வந்தவள் போலத்தான் இருந்தாள். ஆனால் கழுத்து நரம்பு கயிறு மாதிரிப் புடைத்திருந்தது. உதடு அசையாமல் பேசினாள். எனக்கும் பம்பைக்காரருக்கும் மட்டும் கேட்டது.

“அண்ணே, கழுத்து விட்டுப் போவுது. கொழல்ல என்ன?”

“தண்ணி அடைச்சிருச்சு, ஆத்தா.”

“மரக்கொழலு?”

“வெடிச்சிருச்சு.”

ஒரு மூச்சு விட்டாள்.

“மாவெளக்கு மாவ எடுத்து அப்புங்க. ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

அவளுக்கு அருளும் இல்லை, ஒன்றும் இல்லை. முழு நினைவோடு, முழுக் கனத்தோடு நின்றுகொண்டிருந்தாள். இதை நான் இத்தனை வருடத்தில் அந்தத் தோட்டத்து ஆட்கள் யாரிடமும் சொன்னதில்லை.

மாவிளக்கு மாவு இன்னும் படைக்காதது. அரிசி மாவும் சர்க்கரையும் பிசைந்து, ஆத்தாவுக்கு என்று விரதம் இருந்து செய்தது. படைக்கும் முன்னால் எறும்பு தொட்டாலே வேறு மாவு இடிக்கிறவர்கள் அவர்கள். அதில் கைவைத்து ஒரு ஓட்டைக் குழலை அடைக்கப் போகிறேன் என்று கேட்டால் பூசாரி என்னை ஓடையில் தள்ளியிருப்பார். நான் தயங்கினேன். பம்பைக்காரர் தயங்கவில்லை. பம்பையை ஒரு தட்டுத் தட்டி நிறுத்திவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“ஆத்தா மாவு கேக்குது, பூசாரி. கொழலுக்குக் கேக்குது.”

சனம் குலவை போட்டது. பூசாரி ஓடிவந்து தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளி, பயபக்தியோடு என் கையில் வைத்தார். இடுப்பில் இருந்த கருங்காலியை உருவி, வெடிப்பில் மாவை அழுத்தித் தேய்த்தேன். பம்பைக்காரர் தலைத்துண்டின் ஓரத்தைக் கிழித்துக் கொடுத்தார். இறுக்கிச் சுற்றினேன். அடி சுரம் கொஞ்சம் கரகரத்தது. ஆனால் வந்தது. அடைப்பும் காய்ந்து சுருங்கியிருந்ததால் மூச்சு இரண்டு மடங்கு செலவானது. எதிர்மலைக்குக் கேட்டிருக்காது. மாவிளக்குத் தட்டு வைத்திருந்தவர்களுக்கே கேட்டிருக்குமோ என்னவோ. அவளுக்குக் கேட்டது. கால் எடுத்து வைத்தாள்.

மிச்சம் இருந்த ஏற்றத்தை எப்படி ஏறினோம் என்று நான் விவரிக்கப் போவதில்லை. அவள் காலைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்தே ஊதினேன். படி உயரமாக இருந்தால் சுரத்தை நீட்டினேன், தாழ்வாக இருந்தால் குறைத்தேன். அந்த இருபது நிமிடம்தான் நான் ஒழுங்காகக் குழல் ஊதிய நேரம் என்று தோன்றுகிறது. கோயில் வாசலில் கரகம் இறங்கியது. ஏழு வருடம் முடிந்தது. வழியில் பேசிய அதே பெண் முதல் ஆளாக வந்து ராக்கம்மா காலில் விழுந்தாள். ராக்கம்மா திருநீறு பூசிவிட்டாள்.

பூசாரி அன்றைக்கே காரணம் கண்டுபிடித்துவிட்டார். ஆத்தா முதல் படையலைக் குழல் வழியாக வாங்கிக்கொண்டாள் என்றார். அடுத்த வருடம் நாங்கள் போனபோது, ஓடைக்கரையில் நான் குழலை எடுத்ததும் ஒரு பிடி மாவோடு வந்து நின்றார். பாஸ் புதிதாகக் கடைந்து கொடுத்த நல்ல குழலில், வெடிப்பே இல்லாத இடத்தில், மாவை அப்பிவிட்டுத்தான் புறப்படவிட்டார். அதற்குப் பிறகு வருடா வருடம் அதுதான் வழக்கம். பம்பைக்காரர் ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்ப்பார், நான் பார்க்கமாட்டேன். உங்களில் யாராவது அந்தத் தோட்டத்துக்குப் போய், ஏன் குழலுக்கு மாவு வைக்கிறார்கள் என்று வியந்திருந்தால், காரணம் இதுதான்.

மரம், பித்தளை இரண்டையும் நான் கடைசி வரை வைத்திருந்தேன். பதுளை டவுனில் கல்யாண மண்டபத்தில், நாலு சுவருக்குள், பித்தளை தங்கம். குளிர்காலத்தில் எல்ல மலைப் பக்கம் அதை எடுத்தால் ஊதுவதற்கு முன்னால் சட்டைக்குள் போட்டு உடம்புச் சூட்டில் வைத்திருப்பேன், சந்துக்குள் ஒரு சொட்டுச் சவர்க்காரத் தண்ணீரும் விட்டுக்கொள்வேன். மரத்துக்கு எண்ணெயும் ஓய்வும். இதெல்லாம் ஒரு வாரத்தில் நீங்களே கற்றுக்கொள்வீர்கள். வெடித்த கருங்காலி இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. மாவு கல்லாகிவிட்டது. ஆனாலும் பெட்டியைத் திறந்து வைத்தால் எறும்புகள் அதைத் தேடி வந்துவிடுகின்றன.

அந்தத் திருவிழாவுக்கு மறுநாள் காலை, நாங்கள் பஸ்ஸுக்கு இறங்கும்போது, ஆட்கள் கூடுகிற பெரட்டுக் களத்தைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. ஆட்கள் வேலைக்குப் பெயர் கொடுக்க நின்றார்கள். ராக்கம்மாவும் நின்றாள். ரயிலேறும் வரைக்கும் கொழுந்து பறித்துத்தானே ஆக வேண்டும். முந்தின நாள் மஞ்சள் இன்னும் காதோரத்தில் இருந்தது. நான் மற்றவர்களை முன்னால் போகவிட்டு அவளிடம் போனேன். ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

“தப்பு என்னுது, தங்கச்சி. அவங்க ஒங்களப் பேசுனப்ப நான் சொல்லியிருக்கணும்.”

“தெரியும்” என்றாள்.

கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் தோள்பையில் நீட்டிக்கொண்டிருந்த பித்தளையைப் பார்த்தாள்.

“எதுக்கு அண்ணே இத எடுத்தீங்க?”

“நல்லாக் கேக்குமேன்னுதான்.”

கூடையை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

“நான் ஒங்களுக்கு ரெண்டு மொழத்துலதானே நின்னேன். எனக்குக் கேக்கவா, அந்த மலைக்குக் கேக்கவா?”

கங்காணி அவள் பெயரைக் கூப்பிட்டார். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தபடி மலைக்குப் போனாள்.